மாடு கன்று வீசிய வீடுகளில் கர்ப்பிணிகளை எச்சரிக்கக் கோரி

அனுப்புநர்
ம. சுகன்யா,
க/பெ. மணிமாறன்,
வேலாங்காட்டுப்புதூர்,
புதுச்சத்திரம் வழி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: கன்று வீச்சு நோய் கண்ட வீடுகளில் உள்ள கர்ப்பிணிப் பெண்களுக்கு உடனே தகவல் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற தை மாதம் எங்கள் செவலை மாடு மாதம் நிறையும் முன்பே கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. "உன்ற கைதான் சாமி சின்னது, நீயே எடுத்துடு" என்றார் என் மாமியார். எடுத்தேன். அப்போது நான் நான்கு மாதக் கர்ப்பிணி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும் பக்கத்தில் நின்று மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

2. கால்நடை மருத்துவர் வந்து மாட்டுக்கு ரத்தம் எடுத்தார். கன்று வீச்சு நோய் என்று முடிவு வந்தது. மாட்டைத் தனியாகக் கட்டவும் பாலை நன்றாகக் காய்ச்சவும் சொன்னார். தன்மையான மனிதர். அதே வாரம் கிராம சுகாதார செவிலியரும் வந்து, எனக்கு எடை பார்த்து, சத்து மாத்திரை கொடுத்துப் போனார். அவரும் நல்லவர். மாட்டைப் பார்த்தவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தவர் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

3. பிறகு எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், வேர்வை, இடுப்பு வலி. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் உண்டு என்று இருந்துவிட்டோம். ஐந்தாம் மாதம் முடிகையில் குழந்தை கலைந்துவிட்டது. ஆண் குழந்தை. சேலத்தில் பார்த்த மருத்துவர்தான் முதன்முதலாக, "வீட்டில் மாடு ஏதும் கன்று வீசியதா?" என்று கேட்டார். பரிசோதனையில் எனக்கும் அதே நோய். வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்தபோது தொற்றியிருக்கும் என்றார். குழந்தை போனதற்கு இது காரணமாக இருக்கக்கூடும் என்றும், முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். 'கொடுத்திருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை, ஐயா.

4. ஊரில் "மாடும் வீசிருச்சு, மருமவளும் வீசிட்டா" என்று பேசினார்கள். மாட்டுக்குச் சொல்வதை எனக்கும் சொன்னார்களே என்று அழுதேன். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே நோய் என்று, தெரியாமலேனும் சரியாகச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

5. நேற்று பக்கத்து வீட்டு அமுதவல்லி அம்மாளின் மாடும் கன்று வீசிவிட்டது. அவருடைய மருமகள் தனப்பிரியா மூன்று மாதக் கர்ப்பிணி. ஓடிப்போய்ச் சொன்னேன். "உனக்கு நடந்தத எங்க ஊட்டுக்குக் கொண்டாராத" என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். நான் வயிற்றெரிச்சலில் பேசுகிறேனாம். விஷயம் வெளியே தெரிந்தால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள் என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது.

6. ஆகவே, மாட்டுக்கு இந்நோய் என்று சந்தேகம் வந்த அன்றே செவிலியருக்குத் தகவல் போகவும், கிடாரிக் கன்றுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடவும் ஆணையிட வேண்டுகிறேன். யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. எனக்கு நிவாரணமும் வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால் ஆகட்டும். தனப்பிரியா வீட்டுக்கு மட்டும் இன்றே ஓர் அதிகாரியை அனுப்பிவையுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், அரசாங்கம் சொன்னால் கேட்பார்கள். இன்று மாலை, மாடு கன்று வீசிய அந்தக் கட்டுத்தரையைக் கூட்டி அள்ளப்போகிறவள் அவள்தான்.

இடம்: நாமக்கல்
நாள்: 16.06.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ம. சுகன்யா)