மாமா போட்ட இரண்டாவது கையெழுத்து

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த அளவுக்காவது நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனாலும் கடைக்கு வந்து உட்காருவதில்லை, யாராவது உன்னைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். கேட்பதற்கு ஆள் வந்தால்தானே. அறுப்பு முடிந்தும் நான் தைத்து அடுக்கிய சாக்குகள் கூரையை முட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. பூக்கிற நேரத்தில் மழை ஏமாற்றியது, மிச்சத்தைப் புழு தின்றது, மக்காச்சோளக் கதிரை உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. சோளமே இல்லாதவனுக்குச் சாக்கு எதற்கு.

இந்தக் கம்பெனி வேலையில் நீ சேர்ந்தபோது, விளைகிற இடத்துக்கே போய்ச் சரக்கைப் பிடிப்பதும், விலை அளவு தேதி எல்லாம் வைத்து ஒப்பந்தம் கட்டுவதும்தான் என் வேலை என்று மூச்சுவிடாமல் சொன்னாய். தரகு வேலைன்னு சொன்னா கொறைஞ்சா போயிடுவே என்று அப்பா கேலி செய்தார். முதல் ஒப்பந்தமே நம் ஊரில்தான் என்று நீ வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நீ நடந்துகொண்டதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எழுதியிருக்கிற டன் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும், விளையாவிட்டால் சந்தையில் வாங்கியாவது ஈடுகட்ட வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாய். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் இங்கே இதுவரை விற்றது வயலைப் பார்த்துத்தானே, அதில் வருவது எதுவோ அது, கூடினாலும் குறைந்தாலும் வாங்குகிறவன் பாடு. நீ என்ன படித்தாலும் அவர்கள் மனதில் இருந்தது அந்தப் பழக்கம்தான். என் தம்பி, அதான் உன் மாமா, முதலில் கையெழுத்துப் போட்டான், அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நம்ம பொண்ணு எழுதினதுல யோசிக்க என்ன இருக்கு என்று அவன் சொன்னது அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது நீ அனுப்பிய இரண்டாவது காகிதம். இந்த வருஷம் குறைந்த சோளத்தை அடுத்த வருஷ விளைச்சலோடு சேர்த்து, அதுவும் இறக்கிய விலைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. மாமா போட்டால் எல்லோரும் போடுவார்கள், இல்லாவிட்டால் கம்பெனி வழக்குக்குப் போகும், என் வேலையும் போகும் என்று எழுதியிருந்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அதைக் கிழித்து என் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வீட்டுக்குப் போனேன். மாமி உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், வா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிவதற்குள், படிக்காதக்கா, பாப்பா நம்மளக் கவுத்துடுமா, எங்க போடணும்னு காட்டு என்றான். நல்லா வெளைஞ்சாலும் ரெண்டையும் சேத்துக் குடுக்க உன் நெலம் தாங்காதுடா என்று கெஞ்சினேன். நான் போடலேன்னா அது வேலை போயிடும்ல என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், வேறென்ன செய்ய.

காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கம்பெனியில் கொடுத்தால் அவனுக்கு அடுத்த வருஷமும் போச்சு, கொடுக்காவிட்டால் வழக்கில் நிலமே போச்சு. உன்னைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை, தேற்றவும் வார்த்தை இல்லை. வேலையை விட்டுவிடலாம் என்று மட்டும் கிளம்பாதே, நீ விட்டால் உன் நாற்காலியில் இன்னொருவன் உட்காருவான், அவனுக்கு இவர்கள் முகம்கூடத் தெரியாது. இனி எழுதுகிற ஒப்பந்தத்திலாவது விளைந்ததை மட்டும் கேள் அம்மா. மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல் இரு, அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, லீவு கிடைத்தாலும் இப்போதைக்கு ஊருக்கு வராதே. திட்டுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். நீ வருகிறாய் என்று தெரிந்தால் மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்துக்கொண்டு நிற்பான், சிரித்துக்கொண்டே உன் பெட்டியைத் தூக்குவான். அதை என்னால் பார்க்க முடியாது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா