நால்வரின் ஸ்லைடுகள்

செவ்வாய், தென்முனை நிலையம். நாள் 611, 09:10

கப்பலில் பூமி திரும்பும் நால்வருக்கும் காய்ச்சல் இல்லை. ஆதாரம்: கப்பல் தலைவர் ரெமிஜியஸ் இன்று காலை அனுப்பிய செய்தி.

"ஏ மைமூனு, எலிகூடப் பேசிப் பேசி மனுசப் பேச்சு மறந்துறாத. இன்னும் நாலு நாள்ல பூமி. ஒனக்குஞ் சேத்து மீன்கொழம்பு சாப்பிட்டுருதோம்."

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் தங்கி 190 நாள் ஆகிறது.

நேற்று எலி 31க்குக் காய்ச்சல் கண்டது. அவர்கள் புறப்படும் முன் எலிக்கூண்டில் பரவிய வைரஸின் அதே அறிகுறி. பழைய புரோப் கொஞ்சம்தான் மிச்சம். புதிதாகத் தயாரிக்கிறேன். புரோப் என்பது வைரஸ் இழைக்கு எதிரான ஆர்.என்.ஏ இழை. திசுவில் வைரஸ் இருந்தால் அதில் ஒட்டும். ஒட்டிய இடம் ஊதாவாகும். இல்லாவிட்டால் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடு வெறுமை. எங்கள் ஐவரின் ஸ்லைடுகளும் வெறுமையாக இருந்ததால்தான் புறப்பட அனுமதி கிடைத்தது.

வெறும் விரல் பட்டாலே ஆர்.என்.ஏ சிதையும். கையுறையை மூன்று முறை மாற்றினேன்.

நாள் 612, 11:40

எலி 31இன் திசு. புதிய புரோப்: ஊதா. பழைய புரோப்: வெறுமை.

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது. புரோப்பை டி.என்.ஏ அச்சிலிருந்து படியெடுக்கும் நொதி இரண்டு உண்டு, அச்சின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று. மறுமுனைக்கானதைச் சேர்த்திருக்கிறேன். கிடைத்தது எதிர் இழை அல்ல, வைரஸ் இழையின் நகல். அது வைரஸில் ஒட்டாது. யாருடைய திசுவிலும் வெறுமையைத்தான் காட்டும்.

நோயுற்ற எலியின் திசுவில் முதலில் சரிபார்த்திருக்க வேண்டும். அந்த எலிகளை எரித்துவிட்டிருந்தோம். புறப்படும் தேதி நெருங்கியிருந்தது. வெறுமை வர வேண்டும் என்றிருந்தோம். வந்தது.

அனுப்பியது: "ரெமி அண்ணே, இறங்கிறாதீங்க. டெஸ்ட் தப்பு. தப்பு என்னோடது."

நாள் 612, 15:05

பதில்: "கேட்டுச்சு. நாலு பேரும் பேசிட்டோம். நீ சொல்லுற வர இறங்க மாட்டோம். பூமியச் சுத்திக்கிட்டே கெடப்போம். காத்து பதினோரு நாளைக்கு வரும். கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க திசு மிச்சம் ஒங்கிட்ட இருக்குல்லா? பாத்துச் சொல்லு. சாப்டியா நீ?"

சாப்பிட்டேன் என்று அனுப்பினேன். சாப்பிடவில்லை. உடம்பு சுடுகிறது.

எலி 31 இறந்தது. காய்ச்சல் கண்டு இரண்டே நாளில்.

நாள் 613, 10:20

என் காய்ச்சல் 39.4 செல்சியஸ். புதிய புரோப் இட்ட ஐந்து ஸ்லைடுகளையும் நிறமூட்டும் கரைசலில் வைத்தேன். நால்வருடையது அவர்கள் புறப்படும் முன் எடுத்த திசு. என்னுடையதும் அன்று எடுத்ததே. வியர்வை விழாமல் இருக்க நெற்றியில் துணி கட்டிக்கொண்டேன்.

நாள் 613, 10:45

என் ஸ்லைடு ஊதா. அன்றே எனக்குள் இருந்திருக்கிறது, இத்தனை நாளும் காய்ச்சல் காட்டாமல்.

புரோப் வேலை செய்கிறது. இந்த முறை வெறுமைக்குப் பொருள் உண்டு.

நாள் 613, 12:30

நான்கும் இன்னும் வெறுமை. போதாது. வைரஸ் குறைவாக இருந்தால் நிறம் தாமதமாகும். 18:00 வரை எதுவும் சொல்ல முடியாது. அவசரப்பட மாட்டேன்.

எழுத்து இரண்டாகத் தெரிகிறது. 18:00க்கு நுண்ணோக்கிப் படங்கள் நேராகக் கப்பலுக்கும் பூமிக்கும் போகும்படி வைத்துவிட்டேன். நான் எழுந்திருக்கத் தேவையில்லை.

நிலுவை: நால்வரின் முடிவு. 18:00.