பிஸ்கட்டைத் தவிர ஓர் ஆடும் மிச்சமில்லை

கார்வீனா
பிப்ரவரி 1983

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் நலம்தான். அங்கே ஸ்காட்லாந்துக் குளிரில் நீ சளி இருமல் ஏதும் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். பனியில் வழுக்கி விழுந்த கதையை எழுதியிருந்தாய். உன் கடிதத்தை மருமகள் ரோஸ்லின் சமையலறையில் நின்றபடி சத்தமாகப் படித்தாள். தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்ற வரி வந்ததும் டோபி ஓடிவந்து, “அத்தை ஊர்ல ஐஸ் சும்மாவே கெடக்குமா? யாரும் எடுத்துத் திங்க மாட்டாங்களா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம், உன் தம்பி கிரேம்கூட. அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன், உன் அம்மாவா இருக்கிறாள்?

மழையே இல்லாமல், கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு இங்கே கோடை வெயில் இன்னும் ஏறிப்போனது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் குழந்தைகள் மூன்றும் பொழுதுக்கும் வீட்டுக்குள்தான். வெளியே தகரத்தில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். ரோஸ்லின் படுக்கை விரிப்புகளை நனைத்து வாசல்களில் தொங்கவிடுவாள், அவை காய்வதற்குள் சின்னவள் பெத்தைத் தூங்கப் பண்ணிவிட வேண்டும். மற்ற இருவரும் சமையலறைத் தரையில் சட்டை இல்லாமல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஜனீன் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள், நான் பக்கத்தில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருப்பேன். தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைக்கிறோம், நிமிர்த்தி வைத்தால் சோறு வருவதற்குள் மண் வந்துவிடுகிறது. காலையில் எழுந்தால் தலையணையில் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளை, சுற்றிலும் செம்மண் தூசி. ரோஸ்லின் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த ஜன்னல் விளிம்புகளைத் துடைத்தாள் என்று எனக்குத் தெரியாது, துடைத்துக்கொண்டே இருந்தாள். மழைநீர் பிடிக்கும் தகரத் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் குளியல் எப்போதாவதுதான். ஒரே குளியல் தொட்டித் தண்ணீரில் முதலில் பெத், பிறகு டோபி, ஜனீன், ரோஸ்லின், கடைசியில் நானும் கிரேமும். மிச்சம் தக்காளிச் செடிக்கு. ஒருநாள் டோபி தொட்டியில் எழுந்து நின்று, “தாத்தா, நான் தண்ணிய ஜாஸ்தி பண்ணிட்டேன்!” என்று பெருமையாகக் கத்தினான். எப்படி ஜாஸ்தி பண்ணியிருப்பான் என்று உனக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் எல்லோரும் குளித்தோம், வேறு வழி?

ஆடுகளுக்குத் தீனி தீர்ந்துபோனது ஜனவரி நடுவில். சந்தைக்கு ஏற்றிப் போனால் அப்படியே திருப்பி அனுப்பினார்கள், எலும்பை யார் வாங்குவார்கள். பண்ணைக் குட்டையில் குடிக்க இறங்கிய ஆடு சேற்றிலிருந்து வெளியே வர முடியாமல் அப்படியே நின்று செத்தது. கிரேம் தினமும் இடுப்பளவு சேற்றில் இறங்கி இழுத்துப்போடுவான், இழுத்துப்போட்டது கரையில் சாகும். கடைசியில் ஊராட்சிக்காரர்கள் மண் வெட்டும் இயந்திரம் கொண்டுவந்து சாலையோரம் நீளக் குழி எடுத்தார்கள். மிச்ச ஆடுகளைச் சுடுவதற்கு ஆள் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள். கிரேம், “என் ஆட்டை வேற எவனும் தொட வேணாம், நானே பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டான். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். நான் போகவில்லை. காலையிலேயே போனவன் பொழுது சாயத்தான் திரும்பினான். வெடிச்சத்தம் வீடு வரை கேட்டது. ரோஸ்லின் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள், பாட்டுக்கு ஆடுங்கள் என்று குழந்தைகளின் கையைப் பிடித்துச் சுற்றினாள், அந்த வெயிலில் வியர்த்து ஒழுக ஒழுக ஆடினாள். ஜனீனுக்கு ஏழு வயதாகிறது மார்னி, அவள் ஆடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வருஷம் தாய் செத்துப்போன குட்டி ஒன்றுக்கு ஜனீன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாளே, பிஸ்கட் என்று பெயர் வைத்தாளே, அதை மட்டும் கிரேம் வண்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். அதைத் தவிர ஓர் ஆடும் மிச்சமில்லை. என் அப்பா காலத்திலிருந்து வந்த மந்தை. அன்று இரவுச் சாப்பாட்டில் ஜனீன் மெதுவாக, “அப்பா, இனிமே பிஸ்கட் யார்கூட விளையாடும்?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கிரேம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பதாகிவிட்டது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வெறும் மேய்ச்சல் காட்டுக்குப் போவான், அங்கே வண்டிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெத்துக்கு அந்தத் தூசியில் இருமல் வந்து மூச்சு இழுத்தபோது ரோஸ்லின்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டாள், அவன் வண்டி ஓட்டி டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனான், கொண்டுவந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவள் சொல்லி அழுதாள். “மாமா, அவர் என்னைப் பாக்கவே மாட்டேங்கறார். நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்றாள். நீ ஒன்றும் பண்ணவில்லை அம்மா என்றேன். தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கேக் வைத்துவிட்டுப் போனார்கள்.

போன வாரம் அடித்த புழுதிப் புயலைப் பற்றி உங்கள் ஊர்ப் பத்திரிகையில்கூட வந்திருக்கலாம். மத்தியானம் வடமேற்கே சிவப்பாக மலைபோல எழுந்து வந்தது, பறவைகள் அதற்கு முன்னால் பறந்தோடின. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் கை தெரியவில்லை, விளக்கேற்றினால் விளக்கைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். குழந்தைகளைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்காரவைத்து மேலே ஈரத்துணி போர்த்தினோம். டோபி என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, சாமி வெளக்க அணைச்சிட்டாரா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று காலையில்தான் ரோஸ்லின் குழந்தைத் துணி முழுவதையும் தொட்டியின் அடித்தண்ணீரில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காற்று அடங்கி நாங்கள் கதவைத் திறந்தபோது பாதித் துணி வேலிக் கம்பியில், மீதி செங்கல் நிறத்தில் விறைத்துத் தொங்கியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உதறாமல், துவைக்காமல், இஸ்திரி போட்ட துணியை மடிப்பதுபோல ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டு வந்து பயணப் பெட்டிக்குள் வைத்தாள்.

கிரேம் உள்ளே வந்ததும் அவள், “நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பல்லாரட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க” என்றாள். கோபமே இல்லாத குரல். அவன், “ஆட்டை யார் பாத்துப்பா?” என்றான். அவள், “எந்த ஆட்டைங்க?” என்று கேட்டாள். மார்னி, நான் என் வாழ்நாளில் கேட்ட வார்த்தைகளிலேயே மோசமான வார்த்தை அதுதான், ஆனால் அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நோயாளியிடம் கேட்பதுபோலப் பயந்துபோய்க் கேட்டாள். மறுநாள் காலை அவனே பெட்டிகளை வண்டியில் ஏற்றினான், அவனே பஸ் ஏற்றிவிட ஓட்டிப்போனான். ஜனீன் புறப்படும்போது என் காதுக்குள், “பிஸ்கட்டுக்கு ரொட்டி ஓரம் மட்டும் குடுங்க, வெண்ணெய் தடவினதக் குடுக்காதீங்க, அதுக்கு வயித்துக்கு ஆவாது” என்று சொன்னாள். டோபிக்கு பஸ்ஸில் போகிற சந்தோஷம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஸ்லின் என் கையைப் பிடித்து, “மாமா, அவரைத் தனியா விட்டுடாதீங்க” என்றாள். நீ அவளைக் குறை சொல்லாதே. மூன்று பிள்ளைகளை இந்தப் புழுதிக்குள் வைத்து வளர்க்க யாராலும் முடியாது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் பெத்துக்கு என்ன ஆகியிருக்குமோ.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் நான் செய்த முதல் காரியம், கொட்டகையில் இருந்த கிரேமின் துப்பாக்கியிலிருந்து குண்டு பூட்டும் போல்ட்டைக் கழற்றியது. அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய்தான். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்துப் பண்ணை மெர்வ் வீட்டுக்கு நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மெர்வ் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “குடு ஆல்ஃப், ஏற்கெனவே இங்க ரெண்டு கெடக்கு” என்று சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று முன்தினம் தொட்டிக்கு அடியில் ஈரத்துக்குப் பாம்பு வந்து படுத்திருந்தது, நல்ல விஷப் பாம்பு. கிரேம் கொட்டகைக்குப் போனான். வெறும் துப்பாக்கியோடு சமையலறைக் கதவில் வந்து நின்றான். “அப்பா, பாம்புக்குத்தான் எடுத்தேன்” என்றான். தெரியும் என்றேன். “போல்ட் எங்க?” என்றான். மெர்வ் வீட்டில் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன், இனிக் கத்தட்டும், அடிக்கட்டும் என்று. அவன் கத்தவில்லை. துப்பாக்கியைக் கதவு நிலையில் சாய்த்துவைத்தான். பிறகு, “அங்கயே இருக்கட்டும்” என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மண்வெட்டியால் பாம்பை அடித்துப் போட்டுவிட்டு வந்தான், கை கழுவத் தண்ணீர் இல்லாததால் துணியில் துடைத்துக்கொண்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. நான் நம்பிக்கையோடு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவன் சாப்பிடுவதில்லை. ஒரு வாரமாக மேகம் என்று பேருக்கும் இல்லை. ரோஸ்லினிடமிருந்து ஒரு தடவை போன் வந்தது, பெத்துக்கு இருமல் குறைந்திருக்கிறதாம், பேசு என்று ரிசீவரை நீட்டினேன், வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பேசுவதைக் கேட்டானே தவிர ஒன்றும் பேசவில்லை. எனக்கு வயதாகிவிட்டது அம்மா, பகல் முழுக்க அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என் கண் போதவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் பின்னால் வந்து நின்று, “மார்னிக்கா? மழை இல்லைன்னு மட்டும் எழுதுங்க” என்றான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவனுக்கு எழுது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிடாதே, அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. சின்ன வயதில் நீங்கள் இருவரும் போட்ட சண்டைகளை எழுது, உன் வார்டில் இருப்பதாக நீ எழுதிய அந்த முரட்டுக் கிழவரைப் பற்றி எழுது, பனியை எழுது. பல்லாரட்டுக்கும் ஒரு வரி போடு, ரோஸ்லினுக்கு நீ அவள் பக்கம் இருக்கிறாய் என்று தெரியட்டும்.

கடவுள் உனக்குத் தெம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். காலுறை இரண்டு போட்டுக்கொள், பனியில் வேகமாக நடக்காதே. மறந்துவிடாதே மார்னி, கவரின் மேல் அவன் பெயரை எழுது. கிரேம், கொஞ்ச நாள் என்னிடம் வந்து இரு என்று எழுது. அவன் வரமாட்டான். ஆனாலும் வரச் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா