பால் மறக்கும் வாரம்

18 ஜனவரி 1989

இன்று மூன்று பன்றிக்குட்டிகள் செத்தன. மகள் கிருபாபாய் சாக்கில் போட்டு எடுத்துப்போனாள். போன ஈற்றிலும் இதே கதைதான். தாயோடு இருந்தவரை உருண்டையாகத் திரிந்தவை, பிரித்துத் தூரக் கொட்டகையில் விட்ட வாரத்துக்குள் வயிற்றுப்போக்கில் போயின.

"பால் மறக்கடிக்கணும்லா யப்பா. மொத நாளு பட்டினி கெடந்தாத்தான் தீவனத்துல வாய வைக்கும்" என்கிறாள். தளவாய்புரம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஃபார்மலினில் ஊறிய பன்றிதான். மகளிடம் என்ன சொல்ல?

19 ஜனவரி

பன்றி வாங்குகிற சங்கிலிப்பாண்டி வந்தான். "அடுத்த தாயோட குட்டியளும் போச்சுன்னா ரெண்டு தாயையும் ஏத்திவிட்டுரு தாயி. நானே வண்டி கொண்டாரேன்."

"ஏத்திட்டு மறுபடி மில்லுக்குப் போறேன்" என்றாள் கிருபா, சிரித்துக்கொண்டே.

மில்லுக்கா! பஞ்சுத் தூசியில் மூச்சு இழுத்து, உட்கார்ந்தபடியே தூங்கினாளே. திரும்பப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே.

20 ஜனவரி

இன்றும் ஒன்று செத்தது. அதைக் கிருபாவிடம் வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் சவர பிளேடால் அறுத்தேன். செரிக்காத தீவனம் அடைத்துக் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன்.

இரைப்பையில் ஒன்றுமே இல்லை. குடல் நனைந்த காகிதம் மாதிரி. வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. உள்சுவரில் வெல்வெட் போல நிற்க வேண்டிய, சத்தை உறிஞ்சும் நுண்விரல்களை லென்ஸ் வைத்துத் தேடினேன். வழவழவென்று இருந்தது.

21 ஜனவரி

ராத்திரி முழுக்க அதே நினைப்பு. தின்றதால் சாகவில்லை, தின்னாததால்தான்? குட்டி உடம்பில் சேமித்த கொழுப்பு கொஞ்சம். பால் நின்றதும், குளிருக்கு எரிக்க அதுதான் இருக்கிறது. குடலின் உள்சுவரோ தன் வழியாகப் போகும் உணவில்தான் முதலில் பசியாறுகிறது. ஒன்றும் வராவிட்டால் தேய்ந்துபோகும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்றால், தேய்ந்த குடல் எதை உறிஞ்சும்? வயிறு போகிறது. வயிறு போகிறதென்று மறுபடியும் பட்டினி போடுகிறோம்.

சரிதானா? ஒரே ஒரு குட்டியை அறுத்துவிட்டு இவ்வளவு சொல்லலாமா?

29 ஜனவரி, ஞாயிறு

கோயில் விட்டு வரும் வழியில் கிருபாவிடம் இதைச் சொல்லிவிட நினைத்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன்.

3 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். குடல், நுண்விரல், எரிசக்தி என்று ஏதேதோ.

"யப்பா, இது காலேஜ் இல்ல. என்ன செய்யச் சொல்லுதிய?"

"மறக்கடிக்க வேண்டாம்மா. பட்டினி வேண்டாம். குட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தாயை மட்டும் மாற்று. கூழாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை."

"செத்துச்சுன்னா?"

அடுத்த தாயின் குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டு அவளே சொன்னாள்:

"சரி, ஒங்க பேச்சையும்தான் கேட்டுப் பாப்போம்."

இப்போது பயம் இரண்டு மடங்கு.

6 பிப்ரவரி

அடுத்த தாயை வேறு கொட்டகைக்கு மாற்றியாயிற்று. கூழை ஒரு குட்டியும் சீண்டவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கூடுதலாக வைக்கோல் போட்டேன்.

7 பிப்ரவரி

பக்கத்து வீட்டு ஏசம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம், பால்கோவா கிண்டும் இடத்தில் வேலை செய்கிறாள். பால் வாசம் இருந்தால் தேடி வருமோ என்று, சட்டி வழித்த காந்தலை நேற்றுக் கேட்டிருந்தேன். "எம் புள்ளையளுக்கே இல்ல, ஒங்க பன்னிக்குப் பால்கோவாவா? குடுத்து வச்ச பன்னியள்தான்!" என்று திட்டிக்கொண்டே ஒரு தூக்குவாளியில் கொடுத்தாள்.

கூழில் கரைத்தேன். தலையைத் தூக்கி மோந்தன. வரவில்லை.

தாய் எப்படிக் கூப்பிடும்? முதலில் மெதுவாக, இடைவெளி விட்டு. பால் இறங்கும் நேரத்தில் வேகவேகமாக. அந்தக் குரல் கேட்டால்தான் ஓடிவரும். அக்கம்பக்கம் பார்த்தேன். யாருமில்லை. தொட்டியருகே மண்டியிட்டு உறுமினேன்.

ஒரு குட்டி எழுந்தது. இன்னும் வேகமாக உறுமினேன். எல்லாம் வந்துவிட்டன! மூக்கு மூழ்கக் குடித்தன.

நிமிர்ந்தால் வேலிக்கு வெளியே சங்கிலிப்பாண்டி. "ஏ கிருபா, ஓடியா! வாத்தியாருக்கு என்னமோ ஆயிப்போச்சு!"

கூசிப்போய் ஒரு நொடி நிறுத்தினேன். ஆனால் குட்டிகள் தலை நிமிர்த்தின. நிறுத்தினால் விலகிவிடுமோ? அவன் பார்க்கப் பார்க்க உறுமிக்கொண்டே இருந்தேன்.

10 பிப்ரவரி

ஒன்றுக்கு மட்டும் லேசாக வயிறு இளகியிருக்கிறது. பட்டினி போடச் சொல்லிக் கிருபா கேட்கவில்லை. கூழ் வைத்தாள்.

14 பிப்ரவரி

எல்லாம் இருக்கின்றன. எழுதவே பயமாக இருக்கிறது.

5 மார்ச்

சங்கிலிப்பாண்டி குட்டிகளைத் தூக்கிப் பார்த்தான். "என்ன மருந்து போட்டிய?"

"எங்கப்பா பாட்டுப் படிச்சாவ" என்றாள் கிருபா.

22 ஜூன்

முதல் தாய் மறுபடி ஈன்ற குட்டிகளை நேற்றுப் பிரித்தோம். எனக்குச் சளி கட்டித் தொண்டை அடைத்துவிட்டது. உறுமல் இல்லாமல் இந்த வாரம் எப்படிச் சமாளிப்பது என்ற கவலையில் படுத்தேன்.

விடியலில் கொட்டகைப் பக்கம் உறுமல். மெதுவாக ஆரம்பித்து, வேகம் பிடித்து. தாய்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று பதறி எழுந்து போனேன்.

தொட்டியருகே மண்டியிட்டிருந்தாள் கிருபா. குட்டிகள் எல்லாம் அவள் முன்னால். மூச்சு சீராக இருந்தது அவளுக்கு. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.