பாலுக்குப் பூனை காவலா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் ஓயவில்லை, குளியலறைக் குழாய் ஒழுகினால்கூட என்னைத்தான் திட்டுகிறார். தம்பியின் பையில் போதை மாத்திரை இருந்ததை அவர் உன்னிடம் உளறியிருக்க வேண்டாம், உளறிவிட்டார். இனி அவன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று நீ சொன்னாயாம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் வயிறு பற்றி எரிந்தது, பெற்றவள் அல்லவா.

தம்பியும் தெருப் பிள்ளைகளும் மாலையில் போகும் போதைத் தடுப்பு மையத்தின் பெற்றோர் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் வீட்டில் இந்த லட்சணம். சேர்ந்த புதிதில், பிள்ளைகள் பயப்படட்டும் என்று மண்டையோட்டுப் படம் ஒன்றை அங்கே மாட்டினேன். அவர்கள் அதன் முன் நின்று பல்லை இளித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மையத்தை நடத்தும் டீச்சர் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

தம்பி விஷயம் தெரிந்ததும், மானம் போயிற்றே என்று, அவனை மையத்தை விட்டு நிறுத்தச் சொல்லி நானே டீச்சரிடம் போய் நின்றேன். அவர் நிறுத்தவில்லை, டாக்டரிடம் ஏற்பாடு செய்தார், வாராவாரம் போய் வருகிறான். அதோடு விட்டாரா, மாலையில் மையத்தைத் திறக்கும் சாவியையும் அவனிடமே கொடுத்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நாம துரத்திவிட்டா அவனுக்குப் போக்கிடம் அந்த மாத்திரை விக்கிறவன் மட்டுந்தாம்மா. அவன் கதவைச் சாத்தவே மாட்டான். நாம மட்டும் சாத்தலாமா?” என்றார்.

முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான் உன் தம்பி. போன வாரம் காய்ச்சல், படுடா என்றால் கேட்கவில்லை, தான் போகாவிட்டால் சின்னப் பிள்ளைகள் தெருவில் நிற்பார்களாம். திருந்திவிட்டான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மறுபடி சறுக்கினாலும் சறுக்குவான். ஆனால் தன்னை எதிர்பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும் இப்போதைக்கு.

நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “அக்கா என்னைப் பத்திக் கேட்டாளா?” என்றான். தினமும் கேட்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். இது கிடைத்ததும் அவனுக்கு ஒரு போன் போடு. மாத்திரைப் பேச்சே வேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். நான் சொன்ன பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும்.

உன் அம்மா