கேட்டுச் சொல்லாத சத்தம்

நேற்று மத்தியானம் திருநெல்வேலி போகிற பஸ்ஸில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். பாடுகிறவர் வாய் திறக்குமுன் ஒரு சத்தம் வருமே வே, தூரத்தில் தொடங்கி, மதகைத் திறந்ததும் தண்ணீர் பரவுவதுபோல் விரிந்து, மினுங்கி அடங்குமே, அது. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண், "என்ன தாத்தா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். வெட்கமாக இருக்கிறது தாயே என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு எழுதத் தெரியாது என்பதை நீர் அறிவீர். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் ஸ்ரீவைகுண்டத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். நீர் டவுனில் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தீர். அந்தப் பாட்டைப் பாடாமல் எந்தக் கோவில் கொடைத் திருவிழாவிலும் கூட்டம் விடாது. உம் பழைய கீபோர்டுப் பெட்டியிலோ அந்தச் சத்தம் இல்லை. "மாசக் கடைசிக்குள்ள கொண்டாரும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று குழு நடத்திய அண்ணாச்சி சொல்லிவிட்டார். புதுப் பெட்டி வாங்க உமக்கு வழியில்லை.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த உம் மச்சினன், சத்தம் உண்டாக்குகிற சாஃப்ட்வேர் ஒன்று சிடியில் வந்திருப்பதாகச் சொன்னான். "வாரும் வே, ஒம்ம காது வேணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். நம் இருவருக்குமே மவுஸ் பிடிக்கத் தெரியாது. திரையில் வரிசையாகத் திருகுகள்; ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷ். நீர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "வாசிச்சாலும் ஒண்ணும் வெளங்கல. திருகிப் பாப்போம்" என்றீர்.

முதலில் கொசு வந்தது. அடுத்து அரிசி மில் சங்கு. ரம்பப் பல் மாதிரிப் படம் போட்டிருந்த அலையைத் தொட்டதும் கொஞ்சம் கிட்டே வந்தது. "இப்படி வெடுக்குன்னு வராது, பைய எழும்பணும்" என்றேன். எதையோ திருகினீர், எழும்பியது. "ரெண்டு சத்தம் ஒண்ணா கேக்கும்லா" என்றேன். இரண்டு அலைகளை அடுக்கி, ஒன்றைத் துளி விலக்கினீர். விரிந்தது. பிறகு ஏதோ ஒரு திருகில் கை பட்டுச் சத்தம் நடுங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இதான் வே! இந்த நடுக்கம்தான்!"

"இம்புட்டு நடுங்குமா வே?"

"தெனமும் போடுதவன் நான். எனக்குத் தெரியாதா?"

அதைக் கேசட்டில் பிடித்துக்கொண்டு டவுனில் ஒத்திகைக்குப் போனோம். சத்தம் கேட்டதும் டிரம்ஸ் வாசிப்பவன், "என்ன அண்ணாச்சி, பாட்டுக்குக் குளிர்காய்ச்சலா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி தம்முடைய புதுக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். நடுக்கமே இல்லை. கொடைக்குக் கொடை வெயிலில் ஓடி என் கேசட்டின் நாடா இழுபட்டிருந்தது. அந்தக் கோளாறையும் பாட்டென்றே நினைத்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. இவரு சந்தேகப்பட்டாரு, நான்தான் அடிச்சுச் சொன்னேன்" என்றேன்.

அவர் உம்மைப் பார்த்து, "கையெழுத்துப் போடத் தெரியாத ஆளக் கூட்டிக்கிட்டா கம்ப்யூட்டருக்குப் போனீரு?" என்றார். மறுபடியும் சிரிப்பு. "சரி, இனி இந்த ஆளு வேண்டாம். நீரா செஞ்சு கொண்டாரும். எடம் ஒமக்குத்தான்."

நீர் சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். "அவரு கேட்டுச் சொல்லாம எனக்கு வேலை ஓடாது அண்ணாச்சி" என்று நீர் கீபோர்டை உறையில் போட்டுக் கட்டினீர்.

அதன்பின் எப்போதாவது கல்யாண வீடுகளில் வாசித்தீர். ஆனாலும் அந்தச் சத்தத்தை விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் கேசட்டோடு என் கடைக்கு வந்தீர்.

"நடுக்கத்த எடுத்துட்டேன். கேட்டுச் சொல்லும் வே."

போட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டு, "எழுத்து வாசனை இல்லாதவன்கிட்ட என்ன கேக்கீரு? எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"ஒம்மகிட்டதான் வே கேக்கேன்."

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நீர் கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனீர். அப்புறமும் சேர்ந்து டீ குடித்தோம், ஆற்றில் குளித்தோம். நீர் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்கவே இல்லை.

டவுனில் அவர்கள் சிரித்தது எனக்கு மறந்துபோகும். இந்தக் காதுக்காக நீர் உம் இடத்தை விட்டீர். அந்தக் காதை உமக்குத் தரமாட்டேன் என்று நான் வயர் சுருட்டினேன். அதுதான் என்னைத் தலைநிமிர விடவில்லை. அன்று சொல்லவேண்டியதை இன்னும் காதிலேயே வைத்திருக்கிறேன்.

சரியாகத்தான் இருந்தது வே. அச்சு அசல். அடங்குகிற இடம் மட்டும் ஒரு நூல் அவசரம். அதை இன்னும் கொஞ்சம் பைய விட்டிருக்கலாம்.