இரண்டு பேருக்கு எடுத்த குடில்

செப். 11, வியாழன்

காலையிலேயே வெயில். அவனியாபுரத்தில் இன்னும் சித்திரைதான் நடக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை. ஊறவைத்த துணி ஊறிக்கொண்டே.

நாளை கிளம்ப வேண்டும். லீவு எடுக்காவிட்டால் போய்விடும் என்று கப்பலூர் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அம்மா படுக்கையில் இருந்தவரை எங்கேயும் போக முடியாது. அம்மா போய் ஒரு வருடம் ஆன பிறகும் போகவில்லை. இப்போது சொல்லக் காரணம் எதுவும் பாக்கி இல்லை.

சாயல்குடிப் பக்கம் கடலோரம், பனங்காட்டுக்குள் ஓலைக் குடில்கள். கிளாம்பிங்காம். குடிசைக்குள் ஏ.சி. வைத்தால் அந்தப் பெயர். புக் பண்ணக் கூப்பிட்டபோது அந்த ஆள், "தனி லேடீஸுக்குக் குடுக்குறதில்ல மேடம். பேமிலின்னா சரி" என்றார். வீட்டுக்காரரும் வருகிறார் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. நாற்பத்தோரு வயதில் ஒரே வார்த்தையில் கல்யாணம். மண்டபச் செலவு மிச்சம்.

எடுத்து வைக்க: சுடிதார் 3, டார்ச், கொசுவத்தி, தலைவலி மாத்திரை, எலுமிச்சை ஊறுகாய். அம்மாவின் சங்கிலி (சுடிதாருக்குள் விட்டுக்கொண்டால் நுனியில் என்ன இருக்கிறது என்று யார் இழுத்துப் பார்ப்பார்கள்). மெட்டிக்கு என்ன செய்வது? சாக்ஸ் 3 ஜோடி.

செப். 12, வெள்ளி

மாட்டுத்தாவணியில் பஸ். ஜன்னல் சீட். பக்கத்து சீட்டு அம்மா அருப்புக்கோட்டை வரை என் தோளில் தூக்கம். தோள் மரத்துப்போனது. எழுப்பவில்லை. என் மேல் யாராவது சாய்ந்து ரொம்ப நாள் ஆகிறது.

குடில் நன்றாகவே இருக்கிறது. பெரிய கட்டில். தலையணை 4, டம்ளர் 2. துண்டுகளை வாத்து மாதிரி மடித்து, மூக்கோடு மூக்கு உரச உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டேன். இன்னொரு வாத்து சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக.

மற்ற குடில்கள் காலி. முதலாளி மதுரையில். இங்கே இருப்பது சமையலுக்குக் காளீஸ்வரி, மோட்டார் முதல் தோட்டம் வரை பார்க்க அவள் புருஷன் முருகேசன். அவர் அதிகம் பேச மாட்டார். என்னை மேடம் என்பார், அதோடு சரி. அவருக்கும் சேர்த்து இவள் பேசுகிறாள்.

"அண்ணன் எப்பக்கா வாராக?"

என்னை அக்கா, இல்லாத ஆளை அண்ணன். முறையே இடிக்கிறது. வேலை இருக்கிறது, நாளைக்கு வருவார் என்றேன். பெயர் கேட்டாள். செல்வம் என்று சொன்னேன். எப்போதோ எழுமலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவரின் பெயர். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்தே சொன்னார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் அவருடைய அம்மா. சொல்லி அனுப்பவில்லை. வேறு பெயர் வாயில் வரவில்லை, என்ன செய்ய.

செப். 13, சனி

காற்று. மேகம் இல்லை. கடற்கரையில் சாக்ஸோடு நடை. உள்ளே மணல் புகுந்து நரநர. காளீஸ்வரி பார்த்துவிட்டாள். காலில் சேற்றுப்புண்ணா என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வேப்பெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கரிசனம் தாங்க முடியவில்லை.

அண்ணனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று நாள் முழுக்கக் கேள்வி. கத்தரிக்காய் ஆகாது. மீன் குழம்பு என்றால் இரண்டு தடவை சோறு. கோபம் வந்தால் பேசாமல் போய் வண்டியைத் துடைப்பார். சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆளைப் பிடித்துப்போனது. இருவரும் சிரித்தோம். அப்படிச் சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, தொண்டை வலித்தது.

சாயங்காலம் மறுபடி கேட்டாள். வேலை இழுத்துவிட்டது, நாளைக்கு என்றேன். புரட்டாசி பிறக்கும் முன் அண்ணனுக்கு மீன் ஆக்கிப் போட்டே ஆக வேண்டும் என்று பாறை மீன் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

தம்பி போன், திருப்பூரிலிருந்து. எங்கே இருக்கிறாய் என்றான். வீட்டில் என்றேன். தனியாகப் போனேன் என்று தெரிந்தால் அவன் பெண்டாட்டி ஒரு மாதம் பேசுவாள். இங்கே ஒரு பொய், அங்கே ஒரு பொய். நான் எங்கே, யாரோடு இருக்கிறேன் என்று சரியாகத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவரும் இல்லை. எழுதிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

செப். 14, ஞாயிறு

வானம் மூடாக்கு. நாளை காலை பஸ். இன்று சொல்லிவிட வேண்டும், அவருக்கு வர முடியவில்லையாம் என்று. ஒரு வரி. அதோடு செல்வம் கதை முடியும். காலையில் சொல்ல வாய் வரவில்லை. மதியச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டேன், சொல்லவில்லை, போய்ப் படுத்துவிட்டேன்.

எழுந்தபோது மழை. மீன் குழம்பு வாசம் குடில் வரைக்கும். குடை பிடித்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனேன். முருகேசனைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"ரோட்டுக்குப் போயிருக்காருக்கா. அண்ணனுக்கு இந்தக் காட்டுக்குள்ள வழி தெரியாதுல்ல. மத்தியானத்துல இருந்தே ஒவ்வொரு வண்டியா பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

அவர் போன் அங்கேயே சார்ஜில் கிடந்தது. அவளிடமே சொல்லியிருக்கலாம். குழம்பைக் கிண்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றாள், முடியவில்லை. நடந்தேன். ரோடு வரை பனங்காடு முழுக்கச் சேறு.

நிழற்குடை கிடையாது, ஒரு வேப்ப மரம் மட்டும். அதற்கடியில் முருகேசன், தொப்பலாக. அவரிடம் இருந்தது ஒரு பாலிதீன் பை. அதைத் தன் பைக்கின் பின் சீட்டில் கட்டியிருந்தார், வருகிறவர் உட்காரும் இடம் நனையாமல்.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மைல்கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தேன். வெறும் கால். அவர் பார்த்தார்.

"யாரும் வரலண்ணே. எனக்குக் கல்யாணமே ஆகல. தனியா வந்தா எடம் தர மாட்டாங்கன்னு அப்படிச் சொன்னேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. தலைத்துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின் சீட்டிலிருந்து பாலிதீனை அவிழ்த்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வண்டியை எடுக்கவில்லை.

"மதுர வண்டி இன்னொண்ணு இருக்கு தாயி. வந்தது வந்துட்டோம், பாத்துட்டுப் போயிருவோம்."

இருட்டும் முன் பஸ் வந்து நின்றது. கூடையோடு ஒரு பெண். காலேஜ் பையன்கள் இருவர். கடைசியாக, பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, காதோரம் நரைத்த ஒரு ஆள். இறங்கி ஒரு நிமிடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடந்து மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசனும் பார்த்தார்.